சென்னையில் மத்திய அலை வானொலி: அலையேற்பும் நிகழ்ச்சி வடிவ மாற்றமும்

முன்னுரை

வானொலி நிகழ்ச்சி வடிவங்கள் மாறியதற்குக் கேட்போரின் சுவை மாறியதே காரணம் என்னும் விளக்கம் பரவலாக முன்வைக்கப்படுகிறது. ஒரு நிகழ்ச்சி விரும்பப்படுவதற்கு முன் அது செவிக்கு எட்ட வேண்டும் என்பதை இவ்விளக்கம் கருதுவதில்லை. சென்னை வானொலியின் வரலாறு இக்குறையைத் தெளிவாகக் காட்டுகிறது.

கடல் கடந்த அலை

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இல் தொடங்கப்பெற்றது. பி.வி. கேஸ்கர் 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பின்னர், திரைப்பாடல்களுக்கான நேரம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. கேட்போர் இலங்கை வானொலியை நாடினர். 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி தொடங்கப்பெற்றதற்கு இதுவே முதன்மைக் காரணம். இங்குச் சுவை புதிதாகத் தோன்றவில்லை. மாற்று அலை எட்டியதால் அது வெளிப்பட்டது. எல்லை கடந்து வந்த அலையே அரசின் நிகழ்ச்சி வடிவத்தை மாற்றியது எனலாம்.

நகரமும் இரைச்சலும்

மத்திய அலை ஒலிபரப்பில் செய்தி, அலையின் வீச்சில் ஏற்றப்படுகிறது. மின்கருவிகள் எழுப்பும் இரைச்சலும் வீச்சையே பாதிப்பதால், வாங்கியால் இரண்டையும் எளிதில் பிரிக்க இயலாது. எல்.இ.டி. விளக்குகள், கைப்பேசி மின்னேற்றிகள், மின்தூக்கிகள் ஆகியவை நிறைந்த அடுக்ககங்களில் இவ்விரைச்சல் மிகுதி. இரும்புக் கம்பி பொதிந்த கற்காரைச் சுவர்கள் அலையை மேலும் நலிவுறச் செய்கின்றன. பண்பலை வாங்கியோ வீச்சு மாற்றங்களைப் புறக்கணிக்கும் இயல்புடையது. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23இல் சென்னையில்தான் தொடங்கியது. கைப்பேசிகளிலும் பண்பலை வாங்கியே இடம்பெற்றது. செவிப்பொறியின் கம்பியே அதற்கு அலைவாங்கியாயிற்று. மத்திய அலைக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை.

இழப்பின் தன்மை

தனியார் பண்பலை நிலையங்கள் திரைப்பாடலும் உரையாடலும் கலந்த ஒற்றை வடிவத்தைப் பரவலாக்கின. சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அவற்றுக்கு அனுமதியில்லை. ஆகவே, மத்திய அலை நலியும்போது ஓர் அலைவரிசை மட்டும் நலிவதில்லை. இலக்கியப் பேருரை, வானொலி நாடகம், ‘வீடும் வயலும்’ போன்ற வேளாண் நிகழ்ச்சி என மெதுவாகச் செவிமடுக்க வேண்டிய வடிவங்களும் நகரக் கேட்போரிடமிருந்து விலகுகின்றன. இதனைக் கேட்போரின் புறக்கணிப்பு என்று மட்டும் பதிவுசெய்வது, கேட்க இயலாமையை விருப்பமின்மையாகத் திரித்துரைப்பதாகும்.

அகில இந்திய வானொலி மேற்கொண்டுள்ள மத்திய அலை எண்முறை ஒலிபரப்பு இரைச்சலைக் களையவல்லது. எனினும், அதற்குத் தனி வாங்கி தேவை. பழைய வானொலிப் பெட்டியால் அதைக் கேட்க முடியாது. ஒரு தடை நீங்க, மற்றொன்று எழுகிறது.

முடிவுரை

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. மின்கலத்தில் இயங்கும் எளிய வானொலிப் பெட்டியின் பயன் இத்தகைய வேளைகளில்தான் புலனாகும். எனவே, வானொலி வரலாறு நிகழ்ச்சிப் பட்டியல்களோடு நின்றுவிடாமல், யாருக்கு, எவ்விடத்தில், எக்கருவியில் எது கேட்டது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அதன் பின்னரே கேட்போரின் சுவையைப் பற்றிய முடிபுகள் வலுப்பெறும்.