கொல்லைப்புறத்து அழகிகள்

தேவிகாபுரத்தில் பட்டுத்தறியின் ஓசை ஓய்ந்த ஒரு பிற்பகலில், கொல்லைக் கறிவேப்பிலைச் செடியைச் சுற்றிவந்த கரிய வண்ணத்துப்பூச்சியொன்றின் பின்சிறகில் வெண்மையும் செம்மையும் துலங்கக் கண்டு, கறுப்புச் சேலைக்கு வாய்த்த முந்தானையோ என வியந்து நின்றேன். கறிவேப்பிலை அழகி என்பது அதன் நாமம். அதன் பெண்களிற் சில, புழுப்பருவத்தில் ஆடுதீண்டாப்பாளை இனக் கொடிகளை உண்டு நஞ்சேறிய ரோஜா அழகியின் வேஷத்தைத் தரித்துப் பறவைகளை ஏமாற்றுவது, கைதேர்ந்த நெசவாளரும் பொறாமைப்படத்தக்க நகல். அதே குலத்து எலுமிச்சை அழகிக்கோ, ஆங்கிலத்தில் அக்குலத்துக்கே பெயர் தந்த வால் கிடையாது! இவை தோட்டந்துரவுகளிலேயே திருப்தியுடன் ஜீவிக்க, பொன்னிறப் பின்சிறகுடன் 19 சென்டிமீட்டர் வரை விரியும் இவற்றின் ராஜகம்பீர உறவோ, பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளையே தன் அரண்மனையாகக் கொண்டிருக்கிறது.