மூவிதழ் வடிவமும் பொருள்கோடலும்: ஒரு சமூகவியல் நோக்கு

கலை வடிவங்களின் பொருளை ஆராய முற்படுவோரிடையே இருவேறு போக்குகள் காணப்படுகின்றன. வடிவத்தினுள்ளேயே பொருள் உறைகின்றது என்பர் ஒரு சாரார். ஆதலின் ஒரு வடிவம் எக்காலத்து எந்நாட்டிலே தோன்றினும் ஒரே பொருளையே உணர்த்தும் எனக் கொள்வர். வடிவத்தைப் படைத்த மக்களின் வாழ்நிலையும் உழைப்பும் உறவுகளுமே அதற்குப் பொருளை வழங்குகின்றன என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டினுள் எது ஏற்புடையது என்பதனை ஓர் எளிய வடிவத்தைக் கொண்டு பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்வது மூவிதழ் வடிவம். சமபக்க முக்கோணமொன்றின் மூன்று முனைகளையும் மையங்களாகக் கொண்டு, ஒத்த ஆரையுடைய மூன்று வட்டங்களை ஒன்றையொன்று வெட்டுமாறு வரைந்து, உட்கோடுகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது இவ்வடிவம். கயிறும் முளையும் உடைய எவரும் இதனைத் தரையிலே வரையலாம். இவ்வெளிமையை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒரு வடிவம் பல நாடுகளிலே காணப்படுவதற்கு மறைபொருள் எதுவும் வேண்டியதில்லை. வரைதற்கு எளிது என்பதே பல வேளைகளிற் போதுமான காரணமாகும்.

தொன்மையான சான்று மொகஞ்சதாரோவிலே உண்டு. 1920களிலே அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்ட, 17.5 சென்ரிமீற்றர் உயரமே உடைய மாக்கற் சிற்பத்தின் மேலாடையை மூவிதழ்கள் அணிசெய்கின்றன. அவற்றின் குழிகளிலே செந்நிறப் பூச்சின் எச்சம் காணப்பட்டது. இச்சிற்பத்துக்கு ‘அரச குரு’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஆயின் அவ்வுருவம் அரசனுடையது என்பதற்கோ குருவினுடையது என்பதற்கோ நேரடிச் சான்று எதுவுமில்லை. மெசொப்பொத்தேமியக் காளை உருவங்களிலும், எகிப்திலே துத்தன்காமன் கல்லறையிற் கிடைத்த பசு வடிவக் கட்டிலிலும் இதனையொத்த அடையாளங்கள் உள்ளன. இவற்றை ஒப்புநோக்கிய அஸ்கோ பர்ப்போலா, 1985இல் வெளியிட்ட ஆய்விலே, அவ்வாடையை விண்மீன்கள் பொறித்த ‘வானாடை’ என விளக்கினார். கவனத்துக்குரிய கருதுகோள் இது, எனினும் கருதுகோளே.

தமிழ்ச் சூழலில் வாழும் நமக்கு இவ்விடத்தில் ஓர் ஈர்ப்பு உண்டு. மூன்று இலைகளைக் கண்டதும் வில்வத்தையும், வில்வத்தைக் கண்டதும் சிவனையும் நினைத்தல் நமக்கு இயல்பு. ஆயின் சிந்துவெளியின் எழுத்து இன்னும் ஐயத்துக்கிடமின்றி வாசிக்கப்படவில்லை. பிற்கால வழிபாட்டு மரபொன்றை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியைத் தாண்டி அவ்வாடையின்மீது ஏற்றுதல் ஆராய்ச்சியாகாது. விருப்பத்தையே சான்றாகக் கொள்வதாகும். பழம்பெருமை பேசும் வேட்கை நமது ஆய்வுலகுக்குப் புதியதன்று என்பதால் இதனை வற்புறுத்த வேண்டியுள்ளது.

கட்டடக் கலையிலே இவ்வடிவம் சிறப்புற்ற களங்களுள் ஒன்று காஷ்மீரமாகும். எட்டாம் நூற்றாண்டிலே லலிதாதித்யன் எழுப்பிய மார்த்தாண்டச் சூரியன் கோயிலின் முற்றம் 220 அடி நீளமும் 142 அடி அகலமும் உடையது. செங்குத்தாக எழும் முக்கோண முகப்பினுள்ளே மூவிதழ் வளைவு அமைந்த வாயில்களும் மாடங்களும் அக்கோயிலின் தனித்துவமாகும். ஒன்பதாம் நூற்றாண்டில் அவந்திவர்மன் கட்டிய அவந்திபுரக் கோயில்களிலும் இம்மரபு தொடர்கின்றது. இவ்வளைவுகள் ஆப்புக்கற்களை ஒன்றோடொன்று நெருக்கிச் சுமை தாங்கும் உண்மை வளைவுகள் அல்ல. படுக்கையாக அடுக்கிய கற்களிலே வெட்டியெடுக்கப்பட்டவை. இவ்வடிவம் இங்கு கட்டுமானத் தேவையினால் எழவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வாறாயின் அது எங்கிருந்து வந்தது? 1848இல் காஷ்மீரக் கோயில்களைப் பற்றி எழுதிய கன்னிங்காம் அங்கு கிரேக்கச் செல்வாக்கினைக் கண்டார். பேர்கூசன் முதலானோர் மூவிதழ் வளைவினைப் பௌத்த சைத்தியத்தின் வெட்டுமுகத்தோடு தொடர்புபடுத்தினர். நடுவே உயர்ந்த கூரையும் இரு மருங்கும் தாழ்ந்த கூரைகளும் உடைய மண்டபத்தைக் குறுக்கே வெட்டி நோக்கின் மூவிதழே தோன்றும். காந்தாரத்துச் சிறு கோயில்களின் முகப்புகள் இவ்விளக்கத்துக்கு அரண் செய்கின்றன. கீழைத்தேயத்திலே சிறந்தது எதைக் கண்டாலும் கிரேக்கத்தைத் தேடும் மனப்பாங்கு குடியேற்ற ஆட்சிக்காலப் புலமையின் பொதுக் குறைபாடாகும். உள்நாட்டு மரபே இங்கு போதிய விளக்கம் தருகின்றது. பௌத்த மண்டபத்தின் வடிவம் சூரியனுக்கும் விஷ்ணுவுக்கும் சிவனுக்கும் எழுந்த கோயில்களின் வாயிலாக மாறியமை, வடிவம் நிற்கப் பொருள் பெயர்ந்தமைக்குத் தக்க சான்றாகும்.

இன்னொன்றையும் இங்கு நோக்குதல் தகும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே இராஜதரங்கிணியை இயற்றிய கல்ஹணர், அவந்திவர்மனின் மகன் சங்கரவர்மனைப் பற்றிக் கூறுவன சிந்தனைக்குரியவை. அவன் கோயிற் சொத்துகளைக் கவர்ந்தான். கிராம மக்கள் மீது சுமை தூக்கும் கட்டாய ஊழியத்தை முறைப்படுத்திச் சுமத்தினான். அதே மன்னன் பட்டன் என்னுமிடத்தில் கோயிலும் எழுப்பினான். கலை வரலாற்று நூல்கள் முகப்பின் அழகினை விரித்துரைக்கின்றன. கல் சுமந்தவனைப் பற்றி அவற்றிற் பலவும் மௌனஞ் சாதிக்கின்றன. வளைவின் வரலாறு முழுமை பெறவேண்டுமாயின் சுமந்த தோள்களின் வரலாறும் அதனுட் சேர்தல் வேண்டும்.

இதனை மேலைநாட்டிலே முதன்முதல் உரத்துக் கூறியவர்களுள் ஜோன் றஸ்கின் ஒருவர். வெனிஸ் நகரக் கட்டடங்களைப் பற்றிய அவரது நூலின் இரண்டாம் பாகம் 1853இல் வெளிவந்தது. அதிலுள்ள ‘கொதிக் கலையின் இயல்பு’ என்னும் இயலிலே, இதழ் அமைப்பினைக் கொதிக் கட்டடக்கலையின் வரையறையுள்ளேயே அவர் சேர்த்தார். அத்துடன் அமையாது, அணிவேலையின் தரத்தினை அதனைச் செய்த தொழிலாளியின் சுதந்திரத்தோடு இணைத்துப் பேசினார். மூவிதழைத் திரியேகத்தின் சின்னமென்று மட்டும் விளக்கியவர்கள் காணாத உண்மை இது. அவ்வியலை 1892இல் வில்லியம் மொறிஸ் தமது அச்சகத்திற் சிறப்புற அச்சிட்டமை தற்செயலன்று. ஆயின் றஸ்கினின் நோக்கிலே குறையும் உண்டு. இடைக்காலக் கைவினைஞனை அவர் நிலவுடைமைப் பிணைப்பிலிருந்து பிரித்து இலட்சியப்படுத்தினார். எதிர்காலத்திற் காணவேண்டிய விடுதலையை இறந்த காலத்திலே கண்டார்.

சின்னங்களின் உலகிலே அயர்லாந்தின் மூவிலை தரும் பாடம் தெளிவானது. ஐந்தாம் நூற்றாண்டினரான புனித பற்றிக் இவ்விலையைக் காட்டித் திரியேகத்தை விளக்கினார் என்னும் கதை, அச்சிலே 1726ஆம் ஆண்டளவிலேதான் தோன்றுகின்றது. 1798ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையொட்டிப் பச்சை நிறமும் இவ்விலையும் தேசிய உணர்வின் அடையாளங்களாயின. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், 1801இல் நடைமுறைக்கு வந்த ஒன்றிணைப்பினையடுத்து, அவ்விலையே இங்கிலாந்தின் ரோசாவோடும் ஸ்கொத்லாந்தின் முட்செடியோடும் முடியாட்சியின் சின்னத்திற் சேர்க்கப்பட்டது. தென்னாபிரிக்கப் போரிலே ஐரிஷ் படையினர் பலர் மாண்டபின், 1900இல், புனித பற்றிக் நாளன்று அவ்விலையை அணியுமாறு விக்ரோறியா அரசி ஐரிஷ் படைப்பிரிவுகளுக்குப் பணித்தார். ஆளப்பட்டோரின் சின்னம் ஆள்வோரின் பரிசாக மாறியது. இலை மாறவில்லை, அதனை ஏந்திய கையே மாறியது.

பொருள் சமூக உடன்பாட்டினாலேயே வாழ்கின்றது என்பதற்கு நமது காலம் தரும் சான்று துயரமானது. 1946இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லிக் கதிர்வீச்சு ஆய்வுகூடத்திலே, அணுவிலிருந்து வெளிப்படும் கதிர்களைக் குறிப்பதாக, நடுவட்டமும் மூன்று அலகுகளும் கொண்ட எச்சரிக்கைக் குறி வரையப்பட்டது. நாளடைவிலே அது உலகப் பொதுக் குறியாயிற்று. 2000ஆம் ஆண்டிலே தாய்லாந்தின் சமுத் பிராக்கான் மாகாணத்தில், கைவிடப்பட்டிருந்த மருத்துவக் கருவியொன்றின் கோபால்ற்று-60 அடங்கிய பகுதி பழைய இரும்பு சேகரிப்போர் கையிற் சிக்கியது. அதன்மேல் அக்குறி இருந்தது. தாய் மொழியிலே எச்சரிக்கை இருக்கவில்லை. பிரித்தவர்களுக்கு அக்குறி எதனையும் உணர்த்தவில்லை. பத்துப் பேர் கடுங் கதிர்த்தாக்கத்துக்கு உள்ளாயினர். அவர்களுள் மூவர் இறந்தனர்.

பழைய இரும்பு விற்று வயிறு வளர்ப்போர் ஆய்வுகூடத்தின் குறிமொழியை எங்ஙனம் கற்றிருப்பர்? 2007இல் சர்வதேச அணுசக்தி முகவரகமும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பும் துணைக்குறியொன்றை வெளியிட்டன. செந்நிற முக்கோணத்துள் கதிர் வீசும் மூவலகும், மண்டையோடும், தப்பியோடும் மனிதனும் அதில் இடம்பெற்றன. பதினொரு நாடுகளின் மக்களிடையே பரிசோதித்த பின்னரே அது ஏற்கப்பட்டது. மூவிதழ் தானாகவே பேசும் என்ற நம்பிக்கை பிழையென்பதை அறிவியலுலகமே ஒப்புக்கொண்டமைக்கு இது அடையாளமாகும்.

இதனால் வடிவத்துக்கு வரலாறே இல்லையென நாம் கூறவில்லை. சைத்தியத்திலிருந்து மார்த்தாண்டத்துக்கு வந்தது போல வடிவங்கள் தமக்கெனத் தொடர்ச்சி உடையவை. பொருளாதார அடித்தளத்திலிருந்து ஒவ்வொரு வளைவையும் நேராக வருவிக்க முயல்வதும் இயந்திரப் போக்கேயாகும். ஆயின் தொடர்ச்சி வேறு, பொருள் வேறு. பொருள் என்பது யார் வரைந்தார், யார் சுமந்தார், யார் அணிவித்தார், யாருக்குப் புரியவில்லை என்னும் வினாக்களுக்கான விடையிலேயே உள்ளது. இவ்வினாக்களை எழுப்பாத குறியியல் ஆய்வு அழகிய அட்டவணையாகலாம், திறனாய்வு ஆகாது.