கடல்மீது விரித்த முஸல்லா

வலிமார்களின் கராமத் உண்மை என்பது அஹ்லுஸ் சுன்னத் வல் ஜமாஅத்தின் அகீதா. நம் அரபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கப்படும் ‘அகாயிதுன் நஸஃபிய்யா’, நீர்மேல் நடத்தலை அதற்கோர் எடுத்துக்காட்டாகவே தருகின்றது. ஒரு வலியின் கராமத், அவர் பின்பற்றும் ரசூலின் முஃஜிஸாவே என்றும் அந்நூல் வரையறுக்கின்றது. இவ்வரையறையை அளவுகோலாகக் கொண்டு, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் வழங்கும் ஓர் ஓவிய மரபை நோக்குவோம்.

முரீதிய்யா தரீக்காவின் நிறுவனர் ஷைகு அஹ்மது பம்பா (ரஹ்) அவர்களைப் பிரெஞ்சு ஆட்சியாளர் 1895இல் காபோனுக்கு நாடு கடத்தினர். கப்பலில் தொழ விடாது தடுத்தபோது, ஷைகு அவர்கள் முஸல்லாவைக் கடல்மீது விரித்துத் தொழுதார்கள் என்பது மக்கள் வழக்கு. இக்காட்சியைச் செனகல் ஓவியர்கள் கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டுவர். முன்புறமிருந்து காணவேண்டியிருத்தலின் நுண்கோடுகள் முதலிலும் பின்புலம் இறுதியிலும் வரையப்படும். தொழுபவரும் முஸல்லாவும் அமைந்த பின்னரே கடல் வந்து சேர்கின்றது.

முகத்திற்கு ஆதாரம் 1913இல் எடுக்கப்பட்ட நிழற்படம். அதில் தலைப்பாகையின் தொங்கல் முகத்தின் கீழ்ப்பகுதியை மறைக்கின்றது. கண்களோ கடும் வெயிலின் நிழலுள் ஆழ்ந்துள்ளன. பதினெட்டாண்டுகள் பிந்திய தோற்றத்தை முந்திய நிகழ்ச்சியில் பொருத்துவது வரலாறன்று, பக்தியின் வழக்கம்.

உயிருள்ளவற்றை உருவமாக வரைவது பற்றி ஃபுகஹாக்கள் கூறிய தடை நாமறிந்ததே. இப்படங்கள் சிலவற்றில் மலக்குகளுக்கு மனித முகம் தீட்டியிருப்பதையும் ஏற்பதற்கில்லை. ஆயினும் தடையைச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. எழுத்தறியாத ஒரு முரீதுக்கு அப்படம் எதைக் கற்பித்தது என்றும் கேட்கவேண்டும்.

கப்பலில் தொழுகை கூடும் என்பது ஃபிக்ஹு. ஆகவே ஷைகு அவர்கள் கடலில் இறங்கியதாகச் சொல்லப்படுவது அற்புதம் காட்டுவதற்கன்று; தடுக்கப்பட்ட ஃபர்ளை நிறைவேற்றுவதற்கே. படைத்தவனுக்கு மாறுசெய்யும் காரியத்தில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்னும் நெறியை, ஆயுதமேந்தாத ஒருவர் பேரரசின் கப்பலருகே நிலைநாட்டும் காட்சி அது. அடிமைப்பட்ட ஒரு சமுதாயம் அதைத் தன் இல்லச் சுவரில் மாட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

எந்தப் படத்தில் ஷைகு அவர்கள் பார்ப்போரை நோக்கி நிற்கின்றார்களோ, அது வெறும் உருவப்படமாகித் தாழ்கின்றது. பார்ப்பவன் மனம் மனிதரோடு நின்றுவிடுகின்றது. எதில் நெற்றி முஸல்லாவில் படிந்து முகம் மறைந்திருக்கின்றதோ, அதுவே கராமத்தின் பொருளைச் சொல்கின்றது. ‘காதிமுர் ரசூல்’, ரசூலின் பணியாளர், என்று மக்கள் அவர்களை அழைப்பதற்கும் அதுவே பொருந்தும்.

தொழுது திரும்பியபோது அவர்கள் நெற்றியில் மணல் ஒட்டியிருந்ததாகவும் மக்கள் சொல்வர். நடுக்கடலில் மணல் ஏது என்று வினவுவோர் வினவட்டும். அல்-ஃபத்ஹ் அத்தியாயத்தின் இறுதி வசனம் கூறும் சஜ்தாவின் அடையாளத்தை நினைந்தோர்க்கு அதன் குறிப்பு விளங்கும்.