பாறையை அளந்த தூரிகை

ஜொகூர் கரையிலிருந்து 7.7 கடல் மைல் தள்ளிக் கிடக்கிறது பத்து புத்தே. நீளம் 137 மீட்டர்தான். பறவை எச்சம் படிந்து வெளுத்துப்போனதால் 'வெள்ளைப் பாறை' என்று பெயர். 1850 மே 24 அன்று அங்கே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு அடிக்கல் நாட்டியபோது வைத்த தகட்டில் கட்டடக் கலைஞர் என்று பொறித்த பெயர் ஜே. டி. தாம்சன். சிங்கப்பூர் அரசாங்க நில அளவையாளர். இங்கிலாந்திலிருந்து வந்தவர், அப்போது வயது 28.

தாம்சன் படமும் வரைவார். விளக்கு எரியத் தொடங்கிய 1851இல் அவர் தீட்டிய படத்தில் அலை மோதும் பாறையும் அதன்மேல் நிமிர்ந்த கோபுரமும் இருக்கின்றன. படம் எடுபட வேண்டும் என்பதற்காகத் தென்னையை இடம்மாற்றி நட்ட பயண ஓவியர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். தாம்சனின் கை அளந்து பழகிய கை. எது எவ்வளவு உயரம், எது எவ்வளவு தூரம் என்று தெரிந்தே கோடு விழுகிறது. ஒளிப்படக் கருவி இந்தப் பக்கம் பரவாத நாளில் இது சின்ன விஷயமல்ல. சிங்கப்பூர், மலாயா வரலாற்று நூல்கள் அவர் படங்களை ஆவணமாகவே எடுத்தாள்கின்றன.

சிக்கலும் அங்கேதான்.

தான் கட்டியதைத் தானே வரைபவர் நடுநிலை ஓவியர் ஆகமாட்டார். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் பாறையில் கால் வைக்க முடியாது. அதனால் இரண்டு பருவங்களில் வேலை நடந்தது. கருங்கல் புலாவ் ஊபினிலிருந்து படகில் வந்தது. ஒப்பந்தக்காரர் நட்டப்பட்டு ஓடிவிட்டார். இந்த அல்லாட்டத்தை எல்லாம் 1852இல் தாம்சனே விரிவாக எழுதியிருக்கிறார். படத்தில் அதன் நிழல்கூட இல்லை. கல்லைச் செதுக்கிய சீனர்கள், படகு வலித்த மலாய்க்காரர்கள் யார் முகமும் நமக்குக் கிடைக்கவில்லை. கோபுரம்தான் கதாநாயகன்.

மனிதர்களைத் தெரியாதவர் அல்ல அவர். மலாய் மொழியை முன்ஷி அப்துல்லாவிடம் கற்றார். அந்த அப்துல்லாவின் முன்னோரில் நாகூர்த் தமிழ்ப் பெண் ஒருவரும் உண்டு. தன் ஆசிரியரின் தன்வரலாற்றிலிருந்து பகுதிகளைத் தாம்சன் 1874இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சிங்கப்பூர்த் திடலை வரைந்தபோதோ அங்கே கூடிய மக்களை உடையைக் கொண்டுதான் பிரித்துக் காட்டினார். இன்ன இனத்தார் என்று தெரிகிறது, இன்னார் என்று தெரிவதில்லை. பேனாவில் இருந்த நெருக்கம் தூரிகைக்கு வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பாறையின் கதை ஓவியத்தோடு முடியவில்லை. அடிக்கல் நாட்டிய சில நாளில், 1850 ஜூன் தொடக்கத்தில், ஜொகூரை ஆண்ட மலாய்த் தலைவரான தெமெங்கோங் பரிவாரத்தோடு பாறைக்கு வந்து இரண்டு நாள் தங்கினார். பாறை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் அந்த வருகையும் அலசப்பட்டது. 2008 மே 23 அன்று அனைத்துலக நீதிமன்றம் பாறையைச் சிங்கப்பூருக்கும் பக்கத்திலுள்ள நடுப்பாறைகளை மலேசியாவுக்கும் கொடுத்தது.

தாம்சனின் மூலப்படங்கள் பல இப்போது நியூசிலாந்தின் டனீடின் நகரில், ஹாக்கன் நூலகத்தில் இருக்கின்றன. நல்ல நகல்களையாவது வரவழைத்து ஜொகூர் பாருவில் ஒரு சுவரில் மாட்டலாம். பக்கத்திலேயே, ஓடிப்போன ஒப்பந்தக்காரரைப் பற்றித் தாம்சனே எழுதிய பக்கத்தையும் சட்டம் போட்டு மாட்டுங்கள்.