இருபது நாளுக்கு ஒரு நாள்

மே மாதம் எனக்குச் சம்பளம் கிடையாது. கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். ஆண்டுக்கு 11 மாதம்தான் ஊதியம். சென்ற ஏப்ரல் கடைசியில் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம், "அடுத்த மாசம் வர வேண்டாம்க்கா, ஜூன்ல வந்தாப் போதும்" என்றேன். துடைப்பத்தோடு சற்று நேரம் நின்றார். "லீவு உங்களுக்குத்தான டீச்சர்? எனக்கு வேலை இல்லைன்னுல்லா அர்த்தம்" என்றார். பிறகு, "பீடி சுத்துனப்பகூட வருசத்துக்கு ஒருக்க லீவுச் சம்பளம் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போனார்.

அவர் பெருக்கி முடிப்பதற்குள் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. என் மே மாதச் சம்பளத்துக்காக ஒவ்வோர் ஆண்டும் சங்கத்தின் மனுவில் கையெழுத்துப் போடுகிறவள் நான். எனக்கு மறுக்கப்பட்டதை அப்படியே அவருக்கு மறுத்திருக்கிறேன். மறுக்கிறோம் என்ற நினைவுகூட எனக்கு இல்லை.

இலக்கியம் கற்பிப்பதால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பிரதியை எடுத்தாலும் அது யாரை மனத்தில் வைத்துப் பேசுகிறது என்று பார்ப்பேன். அந்த வாரம் விடுப்புச் சட்டங்களை அப்படி வாசிக்கத் தொடங்கினேன்.

முதலில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். அதன் 79-ஆவது பிரிவு ஊதியத்துடன்கூடிய ஆண்டு விடுப்பைப் பேசுகிறது. ஒரு நாட்காட்டி ஆண்டில் 240 நாளோ அதற்கு மேலோ வேலை செய்த தொழிலாளிக்கு, அடுத்த ஆண்டில் 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் விடுப்பு உண்டு. 20-க்கு 1 என்பது நேரான விகிதம். 100 நாள் உழைத்தவருக்கு 5 நாள் என்று சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் சட்டம் விகிதத்துக்கு முன்னால் 240 என்று ஒரு படியைக் கட்டி வைக்கிறது. 239 நாள் உழைத்தவருக்கு 12 நாள் அல்ல, ஒன்றுமே இல்லை.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலும் இதே படி வேறு வடிவில் இருக்கிறது. 12 மாதம் தொடர்ச்சியாக வேலை செய்தால் 12 நாள் விடுப்பு. 'தொடர்ச்சியாக' என்ற சொல்லில்தான் நான் நின்றேன். யாருடைய ஆண்டு தொடர்ச்சியானது? பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குக் கண் அறுவை, ஊரில் துக்கம், தண்ணீர் வராத நாள் என்று எதற்கும் வேலைக்குப் போவதை நிறுத்தாதவருடைய ஆண்டு. அவர் நிறுத்தாமல் போவதற்கு, இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும். சட்டம் மனத்தில் வைத்திருக்கும் தொழிலாளிக்கு ஒரு மனைவி இருக்கிறாள். அவள் பிரதியில் இல்லை, ஆனால் 240 என்ற எண் அவளை நம்பித்தான் நிற்கிறது.

79-ஆவது பிரிவின் ஆங்கில மூலம் தொழிலாளியை ஆண்பாலில் சுட்டுகிறது. ஆண்பால் சொல் பெண்களையும் குறிக்கும் என்று 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் சமாதானம் சொல்லும். ஆனால் இந்தப் பிரிவிலேயே பெண் தனியாகத் தோன்றும் ஓர் இடம் உண்டு. 12 வாரம் வரையிலான மகப்பேறு விடுப்பை வேலை செய்த நாளாக வைத்து 240-ஐக் கணக்கிட வேண்டும். ஆனால் அந்த நாட்களுக்கு விடுப்புச் சேராது என்கிறது விளக்கவுரை. 2017-இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. இந்த விளக்கவுரையில் 12 வாரம் அப்படியே இருந்தது. ஒரே ஆண்டில் 26 வாரத்தையும் எடுத்த ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். எஞ்சிய 183 நாளில் வார ஓய்வு 26 போனால் 157. சட்டம் அனுமதிக்கும் 84-ஐச் சேர்த்தால் 241. கைக்குழந்தைக்குத் தடுப்பூசி, காய்ச்சல் என்று இரண்டு நாள் போகாவிட்டால் 239. அடுத்த ஆண்டு விடுப்பு அவருக்குக் கிடையாது. அவர் உழைத்த 155 நாளுக்கும் சேர்த்துத்தான்.

இந்தப் படி முதலாளிக்கும் தெரியும். 240 நெருங்கும்போது சில நாள் நிறுத்திவைத்துவிட்டுப் புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வது நம் ஊர்களில் எல்லோரும் அறிந்த உத்தி. அதற்குப் 'பிரேக்' என்று பெயர். அப்படி ஆண்டு உடைந்துபோனவர்களைத்தான் 'தற்காலிகம்', 'கேஷுவல்' என்கிறோம். அவர்களுக்கு விடுப்புச் சம்பளம் கேட்டால் வரும் முதல் பதில்: வருவதும் போவதுமாக இருப்பவர்களுக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

இந்தப் பதில் பொய் என்பதற்கு ஆதாரம், எங்கள் வீட்டு அக்கா போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வரியில் இருந்தது.

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து ஊர்களில் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. கடையிலிருந்து இலையும் தூளும் நூலும் வாங்கி வருவார்கள். சுற்றிய பீடியைக் கொண்டுபோய்ப் போடுவார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. நேரம் கிடையாது. சோறு வேகும்போது சுற்றுவார்கள், பிள்ளை தூங்கும்போது சுற்றுவார்கள். வேலையின் ஒழுங்கின்மைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் 1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இவர்களுக்கும் ஆண்டு விடுப்புச் சம்பளம் கொடுத்தது.

அதன் 26-ஆவது பிரிவிலும் 20 நாளுக்கு ஒரு நாள் என்ற அதே விகிதம்தான். ஆனால் முன்னால் 240 என்ற படி இல்லை. 27-ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. வீட்டிலிருந்து சுற்றுபவருக்கு 'நாள்' என்றால் என்ன என்று அது வரையறுக்கிறது: நள்ளிரவு தொடங்கி 24 மணி நேரத்துக்குள் அவர் பீடி சுற்றிய எந்தக் கால அளவும் ஒரு நாள். எட்டு மணி நேரம் என்று இல்லை. சங்கு ஊதும் நேரம் இல்லை. அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவே சுற்றிய அந்த நேரம்தான் நாள். ஒரு பெண்ணின் உடைந்த நாளை உடைந்தபடியே ஏற்றுக்கொண்ட சட்ட வாசகம் இதைப்போல் வேறொன்றை நான் படித்ததில்லை. முதலாளிகள் இச்சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

இதைப் புகழ்ந்து மட்டும் வைத்துவிட முடியாது. விடுப்புக்கு முந்தைய மாதத்தின் சராசரி வருமானம்தான் விடுப்புச் சம்பளம். அந்த மாதம் கடையில் இலை குறைத்துக் கொடுத்தால் அதுவும் குறையும். எவ்வளவு இலை தருவது என்பது சுற்றுகிறவள் கையில் இல்லை. பாஸ்புக்கில் பெயர் இருப்பவருக்குத்தான் உரிமை. ஒரே பாஸ்புக்கில் தாயும் மகளும் மருமகளும் சுற்றுகிற வீடுகளில் ஒருத்திக்குத்தான் சட்டம் தெரியும். மற்ற இருவரின் விரல்கள் கணக்கில் இல்லை. பாஸ்புக்கே இல்லாமல் காண்டிராக்டரிடம் சுற்றுகிறவர்களை இந்த வாசகம் எட்டவே இல்லை. இவையெல்லாம் சட்டத்தை நடைமுறையில் வளைத்த விதங்கள். 'கணக்குப் போட முடியாது' என்ற வாதத்தை இவை காப்பாற்றாது.

2020-இல் 13 தொழிலாளர் சட்டங்களைப் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்பு என ஒன்றாக்கினார்கள். 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 240 நாள் இதில் 180 நாளாகக் குறைந்திருக்கிறது. இதை முன்னேற்றம் என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த 13 சட்டங்களில் 1966-ஆம் ஆண்டுப் பீடிச் சட்டமும் ஒன்று. படியின் உயரம் குறைந்திருக்கிறது. படியே இல்லாமல் எழுதப்பட்டிருந்த வாசகம் போய்விட்டது.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். அக்கா நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் ஒன்றரை மணி நேரம். தமிழ்நாட்டில் வீட்டு வேலை குறைந்தபட்ச ஊதியப் பட்டியலில் இருக்கிறது. வீட்டுப் பணியாளர் நல வாரியமும் இருக்கிறது. வாரியம் உதவித்தொகை தரும். ஆண்டு விடுப்புச் சம்பளம் முதலாளி தர வேண்டியது. அந்த முதலாளி நான். வீடு தொழிற்சாலையும் அல்ல, கடையும் அல்ல என்பதால் மேற்சொன்ன எந்தப் பிரிவும் என் வாசலுக்குள் வருவதில்லை. 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்கென்றே 189-ஆவது உடன்படிக்கையை ஏற்றது. ஊதியத்துடன்கூடிய ஆண்டு விடுப்பும் அதில் உண்டு. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை.

பீடி சுற்றியபோது அக்காவின் வீட்டுத் திண்ணையைச் சட்டம் பணியிடமாகப் பார்த்தது. எங்கள் வீட்டு அடுப்படியை அது பார்ப்பதில்லை. பீடி கடைக்குப் போய் விலையாகிறது, துலக்கிய பாத்திரம் அலமாரிக்குப் போகிறது என்பதைத் தவிர இரண்டு உழைப்புக்கும் என்ன வேறுபாடு? அந்தப் பாத்திரத்தை அவர் துலக்குவதால்தான் நான் எட்டரை மணிப் பேருந்தைப் பிடிக்கிறேன். பெண்ணியம் பேசும் எங்களில் பலருடைய 'தொடர்ச்சியான' ஆண்டும் இன்னொரு பெண்ணின் உடைந்த ஆண்டின் மேல்தான் நிற்கிறது. இதை எழுதும்போது 'எங்களில் பலர்' என்று பன்மையில் ஒளிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. நான் என்றே எழுதுகிறேன்.

ஒரு தாளில் கணக்குப் போட்டேன். மாதத்துக்கு 26 நாள், 11 மாதம், 286 நாள். 20-ஆல் வகுத்தால் 14 நாள். அதைக் காட்டி, இந்த 14 நாளை அவர் விரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம், சம்பளம் பிடிக்க மாட்டேன் என்றேன். மே மாதம் நானாக வர வேண்டாம் என்றதால் அதற்கும் சம்பளம் உண்டு என்றேன்.

அக்கா தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். "மத்த மூணு வீட்டுலயும் இதைக் காட்டிக் கேக்கலாமா டீச்சர்?" என்றார். "கேளுங்கக்கா" என்றேன். "எந்தச் சட்டத்துல இருக்குன்னு கேட்டா?"

அந்தத் தாளில் எழுதிக் கொடுக்க என்னிடம் ஒரு பிரிவு எண் இல்லை. நான் கொடுத்தது என் விருப்பம். அடுத்த ஆண்டு நான் மனம் மாறினால் அவர் எங்கும் போய்க் கேட்க முடியாது.