ஏதென்ஸ் என்று ஒரு ஆள்

கிரேக்க வரலாறு படிக்கும்போது எனக்கு ஒரு பழக்கம். பெயர்கள் குழம்பிவிடக் கூடாதென்று ஒவ்வொரு நகர அரசையும் ஒரு ஆளாக நோட்டில் எழுதிவைப்பேன். ஏதென்ஸ்: வாய் ஓயாத, சும்மா உட்காரத் தெரியாத ஆள். ஸ்பார்ட்டா: அதிகம் பேசாத, வாசல் தாண்டவே நாலு தரம் யோசிக்கிற பெரியவர். கொரிந்து: இரண்டு பக்கமும் கடலை வைத்திருக்கிற வியாபாரி. படிக்க வேடிக்கையாக இருக்கும், மனசிலும் நிற்கும்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பெலோபொனீசியப் போர் பற்றிய நூலின் முதல் புத்தகத்திலேயே துசிடிடீஸ் இதைச் செய்துவிட்டார். கி.மு. 432இல் கொரிந்துத் தூதர்கள் ஸ்பார்ட்டாவுக்குப் போய், ஏதென்ஸ்காரர்களின் குணம் இப்படி, உங்கள் குணம் இப்படி என்று அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து வைக்கிறார்கள். முதல் தடவை படித்தபோது அசந்துபோனேன். இப்போது அதே பேச்சு உறுத்துகிறது.

ஸ்பார்ட்டாப் பெரியவரையே எடுத்துக்கொள்வோம். அவர் ஏன் வெளியே கிளம்பத் தயங்குகிறார்? சுபாவமா? நிலத்தை உழுது சோறு போட்ட ஹீலட் அடிமைகள் எப்போது கிளம்புவார்களோ என்ற பயமும்தான். துசிடிடீஸே வேறொரு இடத்தில் இதைச் சொல்கிறார். ஆனால் 'பெரியவர்' என்று எழுதின உடனே ஹீலட்டுகள் நோட்டிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள்.

மூன்றாம் புத்தகத்தில் விஷயம் இன்னும் கடுமை. ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்த மிட்டிலீனி கி.மு. 427இல் பணிகிறது. கோபத்தில் இருந்த ஏதென்ஸ் மக்கள் சபை, வயது வந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொல்லவும் பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்கவும் முடிவு செய்து கப்பலும் அனுப்பிவிட்டது. மறுநாள் மனசு கேட்காமல் சபை மறுபடி கூடுகிறது. கிளியோன் சொல்வதன் சாரம்: சிலர் மேல் பழியைப் போட்டு மற்றவர்களை விட்டுவிடாதீர்கள், ஊரே சேர்ந்துதான் செய்தது. அவருக்கு மிட்டிலீனி ஒரே ஆள். டயோடோடஸ் அந்த ஆளைப் பிரிக்கிறார்: கையில் ஆயுதம் கிடைத்ததும் ஊரை ஒப்படைத்தது அங்கிருந்த சாதாரண ஜனம்தானே? அவர் இரக்கம் பேசவில்லை, ஏதென்ஸுக்கு எது லாபம் என்றுதான் பேசினார். இருந்தும் மயிரிழையில்தான் ஜெயித்தார். இரண்டாவது கப்பலின் துடுப்புக்காரர்கள் துடுப்புப் போட்டபடியே சாப்பிட்டு, முறை வைத்துத் தூங்கி, கொலை தொடங்குவதற்கு முன் போய்ச் சேர்ந்தார்கள்.

இதைத்தான் நான் நோட்டில் "ஏதென்ஸ் மனம் மாறியது" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். தப்பு. கிட்டத்தட்ட பாதிப் பேர் இரண்டாம் நாளும் கொல்லத்தான் கை தூக்கினார்கள்.

அடுத்தது கி.மு. 416, மெலோஸ் தீவு. அங்கே துசிடிடீஸ் நாடகம் மாதிரி எழுதுகிறார்: ஏதென்ஸ்காரர்கள் ஒன்று சொல்வார்கள், மெலோஸ்காரர்கள் பதில் சொல்வார்கள். ஒருத்தருக்கும் பெயர் இல்லை. பன்மைதான், ஆனால் குரல் ஒன்று. மெலோஸ் பக்கம் பேசுவதும் தலைவர்கள் மட்டுமே. தூதர்களை ஜனங்கள் முன்னால் பேச அவர்கள் விடவில்லை. கடைசியில் மிட்டிலீனிக்குச் சொன்ன அதே தண்டனை மெலோஸுக்கு நடந்தே முடிகிறது. இரண்டாவது கப்பல் வரவில்லை.

இந்த உரையாடலை நாடக அழகுக்காகப் பலர் மெச்சுவார்கள். நானும் மெச்சினவன்தான். இப்போது தோன்றுவது வேறு: ஊர் ஒரே ஆளாக மாறின பக்கத்தில், "வேண்டாம்பா" என்று சொல்ல அந்த ஊருக்குள்ளேயே ஒருத்தர் இல்லாமல் போகிறார். யார் கொன்றது என்று கேட்டால் 'ஏதென்ஸ்' என்பதோடு முடிந்துவிடுகிறது.

நோட்டுப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. பெயர்கள் நினைவில் நிற்க அது இன்னும் உதவுகிறது. ஆனால் ஏதென்ஸ் என்று எழுதின இடத்துக்குக் கீழே கிளியோன், டயோடோடஸ் என்று இரண்டு பெயர்களைச் சேர்த்திருக்கிறேன். மெலோஸுக்குக் கீழே இடம் காலியாகத்தான் இருக்கிறது.