பெயர் சொல்லும் நெய்தல்: ஆர்.பி. அமுதன் படங்கள்

ஆவணப்படத்தில் நிலம் வந்தாலே நம்மவர்கள் 'ஒளிப்பதிவு அற்புதம்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கே குனிந்து வேலை செய்வது யார் என்கிற கேள்வி அந்த அற்புதத்தில் காணாமல் போகிறது. மதுரைக்காரரான அமுதனை நான் மதிப்பது இந்த இடத்தில்தான்.

'பீ' (2003) படத்தின் நிலம் மதுரையில் ஒரு தெரு. துப்புரவுத் தொழிலாளி ஒருவர் மலத்தை அள்ளுகிறார். காமிரா அவர் கூடவே நிற்கிறது. சாதி வெறும் கருத்தல்ல, தினசரி வேலை. நாம் பார்க்க மறுப்பதைக் காட்டிவிட்டால் அங்கே போதும்.

கடற்கரைக்கு வந்தபோது அது போதவில்லை. 'கதிர்வீச்சுக் கதைகள்' வரிசையில் முதல் படம் மணவாளக்குறிச்சி (2010). பிறகு கல்பாக்கம், கூடங்குளம். மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது. படம் பிடித்தால் மணல்தான் தெரியும். கதிர்வீச்சுக்கு நிறமுமில்லை, வாடையுமில்லை. எனவே காமிரா ஆட்களிடம் போகிறது, பேச்சு நீள்கிறது. 'இது பேட்டித் தொகுப்பப்பா, சினிமா எங்கே?' என்பார்கள் நண்பர்கள். எனக்கும் சில இடங்களில் அலுப்புத் தட்டியது, வாஸ்தவம்தான்.

ஆனால் நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று பாடம் படித்தவர்கள் இதை வேறு மாதிரியும் பார்க்கலாம். அகத்திணையில் இரங்குகிறவளுக்குப் பெயர் கிடையாது; பெயர் சுட்டினால் புறமாகிவிடும். இங்கே அதே கரையில் ஆட்கள் முகம் காட்டி, ஊர் சொல்லி, நோய் சொல்லிப் பேசுகிறார்கள். இரங்கல் வழக்காடலாகிறது. 'இயற்கையாகவே உள்ள கதிர்வீச்சுதானே' என்பது அதிகாரத்தின் பதில். ஒருவரின் புற்றுநோய் இந்த மணலால்தான் வந்ததென்று எந்தப் படமும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்கிற சுமையை நோயாளி தலையில் ஏற்றியது யார் என்று கேட்க முடியும்.

மில்லர்புரத்திலிருந்து எழுதுகிற எனக்கு இது ரசனைப் பிரச்சினை மட்டுமல்ல. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. இன்னமும் நாம் 'முத்துநகர்'. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். வேன் மேல் நின்று குறிபார்த்த போலீஸ்காரர் உலகம் முழுக்கப் பார்க்கப்பட்டார். அதற்கு முன்பு இருபது வருஷத்துக்கும் மேலாக இந்த ஜனங்கள் புகார் சொன்ன புகையை அப்படி யார் பார்த்தார்கள்?

ஆகவே பேச்சு வேண்டும். அமுதனிடம் எனக்குள்ள சண்டை வேறு: பேசி முடித்தவர் வேலைக்குத் திரும்புவதை 'பீ'யில் போல நின்று பார்க்கும் பொறுமை கடற்கரைப் படங்களில் குறைந்துவிட்டது. தாமிரக் கசடு கொட்டிய உப்பாற்று ஓடைக்கோ உப்பளத்துக்கோ காமிரா தூக்கிப் போகிற அடுத்த ஆள் அந்தப் பொறுமையையும் கூட எடுத்துப் போகட்டும்.